மரியாளின் பெயர் அந்தப் பட்டியலில் எங்கே இருக்கிறது?

போன ஞாயிறு ஆராதனை முடிந்து அங்கியைக்கூடக் கழற்றவில்லை. ஓர் அம்மா மகனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். "ஐயா, இவன் இனிமே கோயிலுக்கு வரமாட்டேங்கான். என்னன்னு கேளுங்க."

பையன் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். இயேசுவின் தாத்தா பெயரை மத்தேயு யாக்கோபு என்கிறார், லூக்கா ஏலி என்கிறார் என்று போனில் ஒரு காணொளி பார்த்திருக்கிறான். அதில் அவன் பெரிதாக ஆடிப்போய்விடவில்லை. வாலிபர் கூட்டத்துக்கு வந்த ஒரு பிரசங்கியாரிடம் விவரம் கேட்டிருக்கிறான். "லூக்காவில் இருப்பது மரியாளின் வம்சவரலாறு தம்பி, தெளிவாக எழுதியிருக்கு, வாசிச்சுப் பாரு" என்று அவர் அனுப்பிவிட்டார். பையன் வாசித்துப் பார்த்தான். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

இந்த வருடத்தில் இப்படி வருகிற நான்காவது ஆள் இவன். பழைய ஏற்பாடும் எபிரெயுவும் சொல்லிக்கொடுக்கிறவன் என்பதால் இப்படிப்பட்டவர்கள் கடைசியில் என்னிடம்தான் வந்து சேருகிறார்கள். நால்வரில் ஒருவரைக்கூட முரண்பாடு விரட்டவில்லை. முரண்பாட்டுக்குக் கொடுத்த சமாதானம்தான் விரட்டியது.

லூக்கா 3:23ஐத் திறந்துகொள்ளுங்கள். "அவர் யோசேப்பின் குமாரனென்று எண்ணப்பட்டார். அந்த யோசேப்பு ஏலியின் குமாரன்." இதில் மரியாள் எங்கே? 38ஆம் வசனம் வரை விரலை வைத்துக்கொண்டே போங்கள். ஆதாம் வரை போய்விடலாம், ஒரு பெண்ணின் பெயர்கூட வராது. பெண்களின் பெயர்களைச் சொல்லுகிறவர் மத்தேயு: தாமார், ராகாப், ரூத், உரியாவின் மனைவியாயிருந்தவள், பிறகு மரியாள். யோசேப்பு தாவீதின் வம்சத்தான் என்பதை லூக்கா 1:27இலும் 2:4இலும் சொல்லிவிட்டுத்தான் இந்தப் பட்டியலுக்கே வருகிறார்.

லூக்காவில் இருப்பது மரியாளின் வம்சம் என்ற கருத்தே அபத்தம் என்று நான் சொல்லவில்லை. நல்ல அறிஞர்கள் அதைச் சொல்லியிருக்கிறார்கள். கிரேக்கத்தில் 'குமாரன்' என்ற சொல் ஆரம்பத்தில் ஒரே ஒரு தடவைதான் வருகிறது, அதன்பின் 'ஏலியின், மாத்தாத்தின், லேவியின்' என்று வேற்றுமைச் சங்கிலிதான். ஒவ்வொரு படியிலும் 'குமாரன்' போட்டது தமிழின் தேவை. ஆகவே 'யோசேப்பின் குமாரன் என்று எண்ணப்பட்டவர், உண்மையில் ஏலியின் வழி' என்று வாசிக்க ஒரு சந்து இருக்கிறது. மருமகனை மகனாகக் கணக்கிட்டிருக்கலாம் என்பதற்கும் சாடையாக உதாரணங்கள் உண்டு. எஸ்றா 2:61இல் பர்சிலாயின் மகளைக் கட்டியவன் பர்சிலாய் பெயராலேயே அழைக்கப்படுகிறான். ஆண்பிள்ளை இல்லாத சேசான் தன் எகிப்திய வேலைக்காரன் யர்காவுக்கு மகளைக் கொடுக்க, வம்சம் அந்த வழியாய்த் தொடர்கிறது (1 நாளாகமம் 2:34, 35). இதெல்லாம் சேர்ந்தால் 'இருக்கலாம்' வரைக்கும் வரும். 'எழுதியிருக்கிறது' என்று சொல்ல யாருக்கு அதிகாரம்? எழுதியிருக்கிறது என்ற சொல்லைக் கேட்டுத் திறந்து பார்க்கிற பிள்ளை, எழுதியில்லாததைக் கண்டதும் நம் பிரசங்கத்தை மட்டுமா சந்தேகிப்பான்? ரோமன் கத்தோலிக்க நண்பர்களிடம் கேட்டால் மரியாளின் தகப்பன் சுவக்கின், ஏலி அல்ல என்பார்கள். அதுவும் பாரம்பரியம்தான், ஆனால் பாரம்பரியம் என்று ஒத்துக்கொண்டு சொல்லுகிறார்கள்.

இந்தக் கேள்வி யூடியூபில் பிறந்ததல்ல. மூன்றாம் நூற்றாண்டிலேயே யூலியு ஆப்பிரிக்கானு என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் அரிஸ்தீதே என்பவருக்கு எழுதிய கடிதத்தில் இதை எடுத்துக்கொண்டார். எயுசேபியு தம் திருச்சபை வரலாற்றின் முதல் புத்தகத்தில் அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறார். அதன்படி, மத்தேயுவின் பட்டியலில் வரும் மாத்தான் எஸ்தா என்ற பெண்ணை மணந்து யாக்கோபைப் பெற்று இறந்தான், லூக்காவின் பட்டியலில் வரும் மெல்கி அந்த விதவையை மணந்து ஏலியைப் பெற்றான், ஆக இருவரும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஏலி பிள்ளையில்லாமல் சாக, பிள்ளையில்லாமல் செத்தவனின் மனைவியைச் சகோதரன் மணந்து அவன் பெயருக்குப் பிள்ளை தரவேண்டும் என்கிற உபாகமம் 25இன்படி யாக்கோபு அவன் மனைவியைச் சேர்த்துக்கொண்டு யோசேப்பைப் பெற்றான். இரத்தத்தால் யாக்கோபின் மகன், சட்டத்தால் ஏலியின் மகன். (நம் லூக்காவில் ஏலிக்கும் மெல்கிக்கும் நடுவே மாத்தாத், லேவி என்று இரண்டு பேர் இருக்கிறார்கள். ஆப்பிரிக்கானு கையிலிருந்த பிரதியில் அவர்கள் இல்லை போலும். வகுப்பில் இதை யாராவது கண்டுபிடித்தால் அன்றைக்கு டீ என் செலவு.) இதையெல்லாம் சொல்லிவிட்டு அவரே, இதற்குச் சாட்சி இல்லாவிட்டாலும் இதைவிட நல்லது நம்மிடம் இல்லை என்கிற பொருளில் எழுதுகிறார். ஆயிரத்து எழுநூறு வருடத்துக்கு முன்னால் ஒரு மனுஷனுக்கு இருந்த நேர்மை மைக் பிடிக்கிற நமக்கு ஏன் இல்லை?

ஒரே பிள்ளைக்கு இரண்டு தகப்பன் கணக்கு என்பது அவர் கற்பனையும் அல்ல. ரூத் 4ஐப் பாருங்கள். ரூத்தின் செத்துப்போன புருஷன் மக்லோனின் பெயரை நிலைநிறுத்தத்தான் அவளை மணக்கிறேன் என்று போவாஸ் பஞ்சாயத்தில் சொல்லுகிறான். அக்கம்பக்கத்துப் பெண்கள் மக்லோனின் தாய் நகோமிக்கு ஆண்பிள்ளை பிறந்தது என்கிறார்கள். கடைசியில் வரும் பட்டியலோ, போவாஸ் ஓபேதைப் பெற்றான் என்கிறது. ஒரே அதிகாரம், ஒரே குழந்தை. எழுதினவருக்கு எந்த உறுத்தலும் இல்லை. சித்தப்பா பெரியப்பா என்று அப்பாக்களை வரிசை கட்டி அழைக்கிற நமக்கு மட்டும் எங்கிருந்து இந்த அதிர்ச்சி?

'பெற்றான்' என்றாலே நேர் மகன் என்று எடுத்துக்கொள்வது அடுத்த தலைவலி. "யோராம் உசியாவைப் பெற்றான்" என்கிறார் மத்தேயு. 1 நாளாகமம் 3ஐ வைத்துப் பார்த்தால் நடுவில் அகசியா, யோவாஸ், அமத்சியா என்று மூன்று ராஜாக்கள். மத்தேயுவுக்குத் தலைமுறைகள் பதினாலு பதினாலாக வரவேண்டும், விட்டுவிட்டார். எஸ்றா 7இல் எஸ்றாவின் சொந்த வம்சப் பட்டியலிலேயே 1 நாளாகமம் 6இல் இருக்கிற ஆறு பேர் இல்லை. அத்தாலியாள் 2 இராஜாக்கள் 8:18இல் ஆகாபின் மகள், எட்டே வசனம் தள்ளி உம்ரியின் மகள். உம்ரி அவளுக்குத் தாத்தா. வேதாகமத்துக்கு வெளியேயும் இதே வழக்கம்தான். 1846இல் நிம்ரூத்தில் கிடைத்து இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிற அசீரிய ராஜா மூன்றாம் சல்மனாசாரின் கறுப்புத் தூண், இஸ்ரவேல் ராஜா யெகூவை 'உம்ரியின் குமாரன்' என்கிறது. உம்ரியின் குடும்பத்தை வேரோடு வெட்டிப்போட்டவனே யெகூதான்! உம்ரியின் சிங்காசனத்தில் உட்கார்ந்தவன் என்ற அளவில்தான் அசீரியன் எழுதினான்.

தமிழில் வாசிக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. எஸ்றாவில் வரும் செருபாபேலும் மத்தேயுவில் வரும் சொரொபாபேலும் ஒரே ஆள். எபிரெய வழியாக வந்த பெயர் ஒரு மாதிரியும் கிரேக்க வழியாக வந்தது வேறு மாதிரியும் இருக்கும். எகொனியா, யோயாக்கீன், கோனியா மூன்றும் ஒருவன், யோயாக்கீம் அவன் தகப்பன். ஒரே ஓர் எழுத்து வித்தியாசம். அசரியாவும் உசியாவும் ஒருவனே. கண்ணாடி போட்டுக்கொண்டு வாசியுங்கள் என்று மாணவர்களைத் திட்டுவேன், நீங்களும் வாங்கிக்கொள்ளுங்கள்.

எல்லாம் இப்படி நேராகிவிடும் என்றும் நினைக்கவேண்டாம். செருபாபேல் ஆகாய் 1:1இல் செயல்தியேலின் மகன், 1 நாளாகமம் 3:19இல் பெதாயாவின் மகன். இங்கேயும் உபாகமம் 25 முறைதான் என்று ஒரு விளக்கம் உண்டு, வசனத்தில் அது இல்லை. ஈசாய்க்கு 1 சாமுவேல் 17:12இல் எட்டுப் பிள்ளைகள், 1 நாளாகமம் 2இல் தாவீது ஏழாவது. ஒரு பிள்ளை சிறுவயதில் இறந்திருக்கலாம் என்பது ஊகம், நல்ல ஊகம்தான்.

போதகர்மாரே, ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களே, கையெடுத்துக் கேட்கிறேன். பிள்ளை கேள்வியோடு வந்தால் முதலில் வசனத்தைத் திறந்து அவனையே உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். இரண்டு பட்டியலையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதட்டும். வசனத்தில் இருப்பதற்கு அடியில் கோடு, நாம் சேர்ப்பதற்குப் பக்கத்தில் கேள்விக்குறி. 'விசுவாசிக்கிறவன் கேள்வி கேட்கமாட்டான்' என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். 1 தீமோத்தேயு 1:4இல் "முடிவில்லாத வம்சவரலாறுகளை" என்று பவுல் எழுதினதைக் காட்டி வாயை அடைக்கவும் வேண்டாம். அது எபேசுவில் வேறு உபதேசம் போதித்துக்கொண்டிருந்தவர்களுக்கு வைத்த குட்டு, பத்தொன்பது வயதுப் பையனுக்கு அல்ல. பெற்றோரே, பையன் கேட்டதும் சாபம் பிடித்ததுபோல அலறாதீர்கள். வாசிக்கிறான், அவ்வளவுதான்.

அந்தப் பையனிடம் இரண்டு பட்டியலையும் எழுதச் சொல்லி அனுப்பினேன். புதன்கிழமை சாயங்காலம் தாளோடு வந்தான். மாத்தாத்தையும் லேவியையும் அவனாகவே பிடித்திருந்தான், டீ வாங்கிக்கொடுக்கவேண்டியதாயிற்று. குடித்து முடித்துவிட்டுப் பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தான். ஆதியாகமம் 26, 28, 36. ஏசாவின் மனைவிகள். பஸ்மாத் ஓரிடத்தில் ஏலோனின் மகள், இன்னோரிடத்தில் இஸ்மவேலின் மகள். "இதுக்கு என்னய்யா?" என்றான். ஏழு மணிக்கு எனக்கு ஜெபக்கூட்டம் இருந்தது. அடுத்த புதன் வரச் சொல்லியிருக்கிறேன்.