ஒரு பெட்டி படும் பாடு

தமிழ்நாடு-கேரள எல்லையான வாளையாற்றுக்கு இந்தப் பக்கம், கோவை மாவட்டத்து மதுக்கரையையோ எட்டிமடையையோ ஒட்டி, கணினி வழிநடத்தும் மூன்று சி.என்.சி. கடைசல் இயந்திரங்களுடன் இயங்கும் ஒரு சிறு பட்டறையை எண்ணிக்கொள்வோம். ட்ரோன் ஒன்றின் மின்னணுச் சுற்றுகளை உள்ளே வைத்து மூடும் அலுமினியப் பெட்டிதான் அதற்குக் கிடைத்த ஆர்டர். பெட்டியைக் கடைந்து முடிக்கச் சில நாட்கள் போதும். ஆனால் அது அதிர்வையும் வெப்பத்தையும் உப்புக்காற்றையும் தாங்கும் என்றும், மின்காந்த அலையைக் கசியவிடாது என்றும் சான்று பெற, பெங்களூர் போன்ற தொலைவான நகரத்துக்குப் பெட்டியோடு ஓர் ஆளையும் அனுப்பி, அங்கே முறைக்காகக் காத்திருக்க வேண்டும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வருவதற்கு முன் வாளையாறு சோதனைச் சாவடியில் லாரிகள் நின்ற வரிசையைப் பார்த்தவர்களுக்கு, காத்திருப்பதன் விலை என்ன என்று சொல்லித் தர வேண்டியதில்லை. இத்தகைய பட்டறைகள் பகிர்ந்து பயன்படுத்தும் சோதனைக்கூடம் ஒன்று பக்கத்திலேயே ஏன் வேண்டும் என்பதை, இந்தப் பெட்டியின் பின்னாலேயே போய்ப் பார்ப்போம்.

முதலில் அதிர்வுச் சோதனையை எடுத்துக்கொள்வோம். அதற்குப் பயன்படும் ஷேக்கர் என்னும் இயந்திரம், கோயில் திருவிழாவில் கட்டும் ஒலிபெருக்கியின் பெரிய உருவமே. வலுவான காந்தப்புலத்தின் நடுவே இருக்கும் கம்பிச்சுருளில் மாறும் மின்னோட்டம் பாய்ந்தால், அந்தச் சுருள் மேலும் கீழும் உந்தப்படும். ஒலிபெருக்கியில் சுருளோடு காகிதக் கூம்பு ஆடுகிறது, இங்கே கனத்த உலோக மேடை ஆடுகிறது. விமானமோ ராக்கெட்டோ ஒரே சுருதியில் அதிர்வதில்லை என்பதால், நொடிக்கு 20 முதல் 2,000 வரையிலான அதிர்வெண்கள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கலந்து கொடுப்பதே வழக்கம். ஒவ்வொரு அதிர்வெண்ணாகக் கொடுத்தால் மூடி ஒரு சமயத்திலும் உள்ளிருக்கும் சுற்றுப்பலகை வேறொரு சமயத்திலும் ஆடி, இரண்டும் தப்பித்துவிடக்கூடும். எல்லாம் சேர்ந்து வரும்போதுதான் இரண்டும் ஒன்றோடொன்று மோதுவது தெரியவரும்.

பெட்டியை மேடையோடு பிணைக்கும் ஃபிக்ஸ்ச்சருக்கு, வெளியிலிருந்து பார்ப்பவர் பெரிய மதிப்புக் கொடுப்பதில்லை. பெட்டி 4 கிலோ, ஃபிக்ஸ்ச்சர் 12 கிலோ, ஆடும் மேடை 9 கிலோ என்று வைத்துக்கொண்டால், புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 20 மடங்கு முடுக்கத்துக்கு ஏறத்தாழ 4,900 நியூட்டன் விசை வேண்டும். சோதிக்க வேண்டிய பொருளுக்குப் போவது அதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. ஃபிக்ஸ்ச்சர் தளர்வாக அமைந்து தானே ஆடத் தொடங்கினால், குறையில்லாத பெட்டி உடையலாம், குறையுள்ள பெட்டி தேறியும் விடலாம். அதனால்தான் எடை குறைந்து விறைப்பு மிகுந்த அலுமினியத்திலோ மக்னீசியத்திலோ அதைச் செய்கிறார்கள். வார்ப்படமும் கடைசலும் கைவந்த கோவைத் தொழிலாளர்களுக்கும், எல்லைக்கு அப்பால் பாலக்காட்டை ஒட்டிய கஞ்சிக்கோட்டுத் தொழிலாளர்களுக்கும் இது புதிய வித்தை அன்று.

அடுத்தது மின்காந்தச் சோதனை. கரி கலந்த நுரைக் கூம்புகள் சுவரெங்கும் முளைத்திருக்கும் உலோக அறைக்குள் பெட்டியை வைத்து, 1 மீட்டர் தொலைவில் நிறுத்திய ஆண்டெனாவால் அதிலிருந்து கசியும் அலைகளை அளக்கிறார்கள். எல்லைப்பகுதியில் இரு மாநிலங்களின் கைப்பேசிக் கோபுரங்களும் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும். அந்த இரைச்சலை உலோகச் சுவர் வெளியே நிறுத்திவிடும், உள்ளே எதிரொலி எழாமல் கூம்புகள் பார்த்துக்கொள்ளும். நமது பெட்டி பெரும்பாலும் தோற்பது இங்கேதான். இரண்டு திருகுகளுக்கு இடையே மூடி சரியாக ஒட்டாத மெல்லிய இடுக்கு, அகலத்தால் அல்லாமல் நீளத்தால் அலையைக் கசியவிடுகிறது. 1 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 30 சென்டிமீட்டர், அதில் பாதியான 15 சென்டிமீட்டர் இடுக்கு நல்ல ஆண்டெனாவாகவே வேலை செய்யும். போதாக்குறைக்கு, அழகுக்காகவும் அரிப்பு ஏறாமல் இருக்கவும் பெட்டி முழுவதையும் அனோடைசிங் செய்திருப்பார்கள், அதாவது அதன்மேல் ஆக்சைடுப் பூச்சு ஏற்றியிருப்பார்கள். அந்தப் பூச்சு மின்கடத்தாப் பொருள் என்பதால், மூடியும் உடலும் தொட்டும் தொடாதவையாக நிற்கும்.

பூச்சைச் சுரண்டிவிட்டால் தீர்ந்தது என்று தோன்றும். சுரண்டிய பெட்டியை உப்புமூட்ட அறையில் வைத்துப் பார்க்க வேண்டும்: 35 டிகிரி வெப்பத்தில் 5 விழுக்காட்டு உப்புநீர் மூடுபனியாக இறங்கும்போது, பூச்சில்லாத அந்த விளிம்புதான் முதலில் அரிக்கப்படும். மின்சாரத்தைக் கடத்தும் குரோமேட் பூச்சோ, கடத்தும் ரப்பர் வளையமோ பயன்படுத்தினால் இரண்டுக்கும் விடை கிடைக்கும். ஆனால் தடித்த வளையம் மூடியின் பிடிப்பைத் தளர்த்தினால் அதிர்வுச் சோதனையை மறுபடி செய்தாக வேண்டும். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெடுகிறது என்னும் இந்தச் சிக்கல்தான், எல்லாச் சோதனைகளும் ஒரே கூரையின்கீழ், பட்டறையிலிருந்து பேருந்தில் போய்வரும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு என் கணக்கில் முதன்மையான காரணம். சான்றிதழ் கடைசியில் வருவது. அதற்கு முன் நாலைந்து முறை தோற்றுப் பார்க்க இடம் வேண்டும்.

ஒரே கூரை என்றாலும் ஒரே தளம் கூடாது. ஷேக்கரின் அடித்தளத்தைத் தனியே பிரித்துக் கட்டாவிட்டால், பக்கத்து அறையில் மைக்ரான் கணக்கில் அளக்கும் கருவி நிலைகொள்ளாது. அளவை அறை 20 டிகிரியிலேயே நிற்கவும் வேண்டும். அரை மீட்டர் அலுமினியத் துண்டு 35 டிகிரியில் ஏறத்தாழ 0.17 மில்லிமீட்டர் நீண்டுவிடும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஈரக்காற்றையும் அந்த அறையின் குளிர்சாதனம் சமாளிக்க வேண்டியிருக்கும்.

இவ்வளவையும் ஒரு பட்டறை தனியாக வாங்கினால், ஆண்டில் பெரும்பகுதி நேரம் கருவிகள் உறங்கும். பம்பு, மோட்டார் சோதனைக்குச் சிறுதொழில்கள் சேர்ந்து பயன்படுத்தும் சிடார்க் கூடம் கோவைக்குப் பழகிய ஏற்பாடு. பாதுகாப்புத் துறை 2020 மே மாதம் 400 கோடி ரூபாயில் தொடங்கிய சோதனைக் கட்டமைப்புத் திட்டமும் அந்த வழியிலேயே அமைந்தது: செலவில் 75 விழுக்காடு வரை ஒன்றிய அரசின் மானியம், எஞ்சியதை நிறுவனங்களும் மாநில அரசும் சேர்ந்த கூட்டமைப்பு போடும். தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னையை ஒட்டி அமையும் ஆளில்லா விமானச் சோதனை மையத்துக்குத் தலைமை ஏற்றிருப்பது கேரள அரசின் மின்னணு நிறுவனமான கெல்ட்ரான். கட்டிய பிறகு கூடத்தை நடத்த வேண்டியது பயனாளர் கட்டணத்தில்தான் என்பதால், காலியாகக் கழியும் ஒவ்வொரு மணிநேரமும் நட்டம்.

கட்டணத்தைவிடக் கடினமான கேள்வி இன்னொன்று உண்டு. கூடத்துக்கு வரும் பட்டறைகள் ஒன்றுக்கொன்று போட்டியாளர்கள், பலர் உறவினர்களும்கூட. சோதனைக்கூடங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 17025 தரநிலை, துல்லியத்தோடு நடுநிலையையும் இரகசியத்தையும் கட்டாயமாக்குவது இதனால்தான். நமது பெட்டி ஷேக்கரில் உடைந்த செய்தி, மறுநாள் காலை வாளையாற்றுத் தேநீர்க் கடைக்கு வந்து சேர்ந்திருந்தால், அந்தப் பட்டறைக்காரர் அடுத்த பெட்டியைப் பெங்களூருக்கே எடுத்துப் போவார்.