விதிவிலக்கா, விலக்களிப்பா?

“கைத்துப்பாக்கிப் பாதுகாப்புச் சட்டத்தில் கலிபோர்னியா போலீசார் விதிவிலக்கு.” போன வாரம் மெய்ப்புப் பார்க்க வந்த ஒரு மொழிபெயர்ப்பில் இப்படி ஒரு வாக்கியம். இதே சொல்லை எத்தனை முறை அடித்துத் திருத்தினேன் என்ற கணக்கை எப்போதோ விட்டுவிட்டேன். ஊரே துப்பாக்கியைக் கண்ட இடத்தில் போட்டுவைக்கிறது, போலீசார் மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள் என்றல்லவா இதைப் படிப்பவருக்குத் தோன்றும்?

மொழிபெயர்ப்பாளர் சொல்ல வந்தது எக்ஸெம்ப்ஷன் (exemption). லத்தீனில் ‘வெளியே எடுத்தல்’ என்ற வினையிலிருந்து வந்தது. நாம் விதிவிலக்கு என்கிற எக்ஸெப்ஷனும் (exception) வேறொரு வேரிலிருந்து அதே பொருளில்தான் பிறந்தது. பிறப்பு அவ்வளவுதான், வம்பு வளர்ப்பில் இருக்கிறது. பின்னது தானாகவே விதிக்குள் அடங்காமல் நிற்பது. முன்னது, விதிக்குள் அடங்க வேண்டிய ஒருவரை அதிகாரம் உள்ளவர் பார்த்து வெளியே விடுவது.

கலிபோர்னியாவில் நடந்தது எக்ஸெம்ப்ஷன். 1999-இல் இயற்றி 2001 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டப்படி, சோதனையில் தேறி மாநிலப் பட்டியலில் ஏறிய மாடல்களைத்தான் கடைக்காரர் பொதுமக்களுக்குப் புதிதாக விற்கலாம். ஒரு மீட்டருக்குச் சற்று மேலிருந்து கான்கிரீட் பலகைமீது போட்டாலும் துப்பாக்கி தானாக வெடிக்கக் கூடாது. 600 குண்டுகள் சுடும்போது ஆறு தடவைக்கு மேல் கோளாறு செய்யக் கூடாது. துப்பாக்கியின் வெடியறைக்குள் குண்டு இருப்பதைக் காட்டும் குறி, குண்டுக்கூட்டைக் கழற்றியதும் சுடாமல் தடுக்கும் அமைப்பு ஆகியவை பின்னால் சேர்ந்தன. 2013-இல், சுடும்போதே துப்பாக்கி தன் அடையாளத்தைத் தோட்டா உறையில் நுண்ணெழுத்தாகப் பதிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அமலுக்கு வந்தது. அதைச் செய்து தர எந்த நிறுவனமும் முன்வராததால், அடுத்த பத்தாண்டுக்குப் பட்டியலில் புதிய பிஸ்டல் மாடல் ஏறவே இல்லை. ஆனால் போலீஸ் துறையும் அதன் காவலர்களும் பட்டியலில் இல்லாததையும் வாங்கலாம். அது சட்டத்திலேயே எழுதிக் கொடுத்த அனுமதி. போலீசாரின் இயல்பு அல்ல.

“அப்படியானால் வெறும் ‘விலக்கு’ போதுமே, வரிவிலக்கு என்கிறோமே” என்று ஒரு நண்பர் மல்லுக்கு நிற்கிறார். வரிவிலக்கு சரி. மதுவிலக்கு? ஒன்றில் வரி கட்ட வேண்டாம், மற்றதில் மது கூடவே கூடாது. ‘போலீஸ் கைத்துப்பாக்கி விலக்கு’ என்று தலைப்பு வைத்துப் பாருங்கள். போலீசாரிடமிருந்து துப்பாக்கியைப் பிடுங்கிவிட்டார்கள் என்றுதான் பாதிப் பேர் படிப்பார்கள். விலக்கு என்பதற்குத் தடை என்ற பொருள் பழையது. விதித்தன செய்தலும் விலக்கியன ஒழிதலும் அறம் என்கிறார் பரிமேலழகர். அந்தக் கணக்கில் விதியும் விலக்கும் எதிரெதிர்ச் சொற்கள். அவற்றை ஒட்டவைத்து ‘விதிக்கு அடங்காதது’ என்ற பொருளைப் பின்னால் ஏற்றிவிட்டோம். ஏற்றியது நிலைத்துவிட்டது, அதோடு எனக்குச் சண்டை இல்லை. இலக்கணத்தில் இருக்கட்டும், சட்டத்துக்குள் வர வேண்டாம்.

‘சலுகை’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. ஆடித் தள்ளுபடியா இது?

இலங்கை அரச தமிழில் வரி அறிவித்தல்களைப் புரட்டினால் ‘விலக்களிப்பு’ என்று இருக்கும். சற்று நீளம்தான், ஆனால் உள்ளே ‘அளிப்பு’ இருக்கிறது. அளிப்பு என்றதும், அளித்தது யார் என்ற கேள்வி கூடவே வருகிறது. விதிவிலக்கில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. கொடுத்தவர் மறைந்து, பெற்றவர் ஏதோ பிறவியிலேயே வேறுபட்டவர் போல ஆகிவிடுகிறார். அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டும் மொழிபெயர்ப்பாளருக்கு இது பொருட்டில்லை. மாநிலமே பாதுகாப்பற்றது என்று ஒதுக்கிய துப்பாக்கி காவலர் இடுப்பில் மட்டும் எப்படிப் பாதுகாப்பானது என்று அங்கே வழக்கு மன்றம்வரை கேட்டவர்களுக்குப் பொருட்டு.

“காவலர்களுக்குச் சட்டமன்றம் விலக்களித்தது” என்று திருத்தி அனுப்பினேன். மறுநாள் அச்சில் வந்தது: “காவலர்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டுள்ளது.” சட்டமன்றத்தைக் காணோம்.