நியூ ஜெர்சியின் ‘பரோ’: ஊராட்சி யார் கையில் இருந்தது?

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ‘பரோ’ என்பது தனக்கென்று வரி போட்டு, தன் காரியங்களைத் தானே பார்த்துக்கொள்ளும் சிற்றூர். 1900-களின் தொடக்கத்தில் அங்கே நிர்வாகம் நடந்த விதத்தைப் புரிந்துகொள்ள, அத்தனை பரோக்கள் எப்படி முளைத்தன என்று முதலில் பார்க்க வேண்டும்.

1878-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 4 சதுர மைலுக்கு மிகாத, 5,000 பேருக்கும் குறைவாக வசிக்கும் பகுதி, தான் இருந்த டவுன்ஷிப்பிலிருந்து (பல ஊர்களை உள்ளடக்கிய பெரிய உள்ளாட்சிப் பகுதி) பிரிந்து பரோ ஆகலாம். அங்குள்ள நில மதிப்பில் 10 சதவீதத்துக்குச் சொந்தக்காரர்கள் மனு கொடுத்தால் வாக்கெடுப்பு நடக்கும். பெரும்பான்மை கிடைத்தால் ஊர் பிரிந்துவிடும். நிலம் இல்லாதவருக்கு மனு கொடுக்க வழியில்லை என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

பிரிவினைக்கு வேகம் கொடுத்தது 1894-இல் வந்த பள்ளிச் சட்டம். டவுன்ஷிப்புக்குள் இருந்த சிறுசிறு பள்ளி மாவட்டங்களை, அதாவது பள்ளிகளை வரிப் பணத்தில் நடத்தும் பகுதிகளை, அது ஒன்றாக இணைத்தது. தங்கள் ஊர்ப் பள்ளிக்கு ஏற்கெனவே செலவழித்திருந்தவர்கள், பக்கத்து ஊர்ப் பள்ளியின் கடனுக்கும் வரி கட்ட வேண்டி வந்தது. பரோ ஆகிவிட்டால் தனிப் பள்ளி மாவட்டம். அப்புறம் என்ன, பெர்கன் கவுண்டியில் (மாநிலத்தின் ஒரு மாவட்டம்) மட்டும் அந்த ஒரே ஆண்டில் 26 பரோக்கள் உருவாகின. 1896-இல் மாநிலச் சட்டமன்றம் தலையிட்டது. அதன்பின் புதிய பரோ வேண்டுமென்றால் சட்டமன்றமே தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது.

சரி, நிர்வாகத்துக்கு வருவோம். 1897-ஆம் ஆண்டின் பரோ சட்டம் ஒரு மேயரையும் 6 கவுன்சிலர்களையும் வைத்தது. கவுன்சிலர்களை வார்டு பிரிக்காமல் ஊர் முழுவதும் சேர்ந்து தேர்ந்தெடுத்தது. பதவிக்காலம் 3 ஆண்டு. ஆண்டுக்கு 2 பேர் வீதம் மாறுவார்கள். இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. கோபத்தில் இருக்கும் ஊர் ஒவ்வோர் ஆண்டும் 2 பேரை மாற்றலாம். ஆனால் விவரம் தெரிந்த 4 பேர் எப்போதும் மிச்சம் இருப்பார்கள்.

மேயர் கூட்டத்துக்குத் தலைமை தாங்குவார். வாக்குகள் 3-க்கு 3 என்று நின்றால் மட்டுமே அவருக்கு வாக்கு. கவுன்சிலர்களின் மன்றம் நிறைவேற்றிய விதியை அவர் நிராகரிக்கலாம். ஆனால் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 4 கவுன்சிலர்கள் உறுதியாக நின்றால் அது செல்லும். ஆக, உண்மையான அதிகாரம் மன்றத்திடம்தான் இருந்தது.

1911-இல் வால்ஷ் சட்டம் இன்னொரு வழி திறந்தது. ஊர் மக்கள் வாக்களித்து ஒப்புக்கொண்டால், மேயர்-மன்ற முறையை விட்டுவிட்டு, ஆளுக்கொரு துறையைக் கவனிக்கும் கமிஷனர்களைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஆனால் இந்தத் தேர்தல்களில் பெண்களுக்கு வாக்கு இல்லை. வீடும் நிலமும் தன் பெயரில் வைத்து வரி கட்டிய பெண்ணுக்கும் இதே நிலைதான். சொத்துள்ள பெண்கள் 1776-லிருந்தே வாக்களித்துவந்த மாநிலம் இது. 1807-இல் அந்த உரிமையைப் பறித்துவிட்டார்கள். 1915-இல் நடந்த மாநில வாக்கெடுப்பிலும் அது திரும்பக் கிடைக்கவில்லை. தங்கள் ஊர்க் கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்க அவர்கள் 1920 வரை காத்திருந்தார்கள்.