தென்கடல் புயலும் கச்சான் காற்றும்: அறுகம்குடாவின் அலைகள்

இலங்கையின் கிழக்குக் கரையில், அம்பாறை மாவட்டத்துப் பொத்துவிலை ஒட்டிய அறுகம்குடாவில், ஜூலை மாத விடியலில் முனைப்பாறைகளின் மீது நின்று கடலைப் பார்த்தால் முதலில் தென்படுவது அலையன்று, அமைதிதான். காற்று இல்லை. நீர்ப்பரப்பு எண்ணெய் தடவியதுபோல் மழமழவென்று கிடக்கிறது. பத்து நிமிடம் அப்படியே கழிந்தபின், தொடுவானத்தின் கீழ்விளிம்பில் கருங்கோடுகள் நான்கைந்து ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றுகின்றன. அவை நெருங்க நெருங்க உயர்ந்து, பாறை முனையில் முதலில் உடைந்து, அங்கிருந்து வடக்கு நோக்கி, பாய் சுருட்டுவதைப் போலக் குடாவின் உட்புறம் வரை சீராகச் சுருண்டுகொண்டே செல்கின்றன. கைக்கடிகாரத்தை வைத்து ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையிலான நேரத்தை எண்ணினால் 14 அல்லது 15 விநாடி வரும். ஐந்தாறு அலைகள் கடந்ததும் கடல் மறுபடி அமைதியாகிவிடும்.

காற்றே இல்லாத காலையில் இவ்வளவு ஒழுங்கான அலையை எழுப்பியது எது என்பதுதான் கேள்வி. நீரோ 28 பாகை செல்சியஸ் அளவில் வெதுவெதுப்பாக இருக்கிறது. அந்த நீரில் ஓடிவரும் அலை பிறந்த இடமோ மனிதர் நெடுநேரம் தாக்குப்பிடிக்க முடியாத குளிர்கடல்.

தென்னரைக்கோளத்தில் அட்சரேகை 40 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட கடற்பரப்பில், உலகைச் சுற்றி ஓடும் மேற்குக் காற்றைத் தடுத்து நிறுத்த நிலம் என்று சொல்லத்தக்கது அநேகமாக ஏதுமில்லை. காற்று எழுப்பும் அலையின் அளவை மூன்று காரணிகள் முடிவு செய்கின்றன: காற்றின் வேகம், அது ஓயாமல் வீசும் நேரம், அது தடையின்றித் தழுவிச் செல்லும் நீர்ப்பரப்பின் நீளம். மூன்றும் ஒருங்கே பெருமளவில் வாய்ப்பது அந்தத் தென்கடலில்தான். நமக்குக் கோடையும் பருவமழையுமான ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள் அங்கே கடுங்குளிர்காலம். புயல்கள் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு வரும் காலம். புயலுக்குள் கடல் எல்லா அளவிலும் எல்லாத் திசையிலும் குழம்பிய அலைகளின் களமாக இருக்கிறது. அதிலிருந்து வெளியேறி, தன்னை எழுப்பிய காற்றை விட்டு விலகிய பின்னும் ஓடிக்கொண்டே இருக்கும் அலையைத்தான் அலைச்சறுக்கு வீரர்கள் ‘ஸ்வெல்’ என்கிறார்கள். இக்கட்டுரையில் அதை நெட்டலை என்று அழைக்கிறேன்.

நெட்டலையில் நீர் பயணம் செய்வதில்லை. ஆழ்கடலில் மிதக்கும் ஒரு சிரட்டை, அலை கடக்கும்போது மேலேறி, சற்று முன்னகர்ந்து, கீழிறங்கி, ஏறத்தாழப் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். நகர்ந்து செல்வது ஆற்றல் மட்டுமே. அந்த ஆற்றலின் வேகம் அலையின் உயரத்தைப் பொறுத்ததன்று, முகட்டுக்கு முகடு ஆகும் நேரமாகிய அலைவு காலத்தைப் பொறுத்தது. 15 விநாடி அலைவு காலம் கொண்ட அலைக்கு ஆழ்கடலில் முகட்டுக்கு முகடு சுமார் 350 மீட்டர்; தனி முகடு மணிக்கு 84 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். ஆனால் அலைக்கூட்டமும் அது சுமக்கும் ஆற்றலும் அதில் சரிபாதி வேகத்தில், அதாவது மணிக்கு 42 கிலோமீட்டரில்தான் முன்னேறும். கூட்டத்தின் பின்வரிசையில் ஒரு முகடு பிறந்து, கூட்டத்தை ஊடுருவி முன்னே ஓடி, முன்வரிசையை எட்டியதும் மறைந்துபோகிறது. முதன்முறை படிக்கும்போது நம்ப மறுக்கத் தோன்றும் இந்த உண்மையைக் குளத்தில் கல்லெறிந்து, வளையத்தின் உள்விளிம்பையே உற்றுப் பார்த்து எவரும் சரிபார்க்கலாம்.

தெற்கே 45 பாகையில் எழுந்த புயலுக்கும், வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் இருக்கும் அறுகம்குடாவுக்கும் இடையே சுமார் 5,800 கிலோமீட்டர். 18 விநாடி அலைகள் இத்தொலைவை ஐந்து நாளுக்குள் கடந்துவிடும். 15 விநாடி அலைகளுக்கு ஆறு நாள் ஆகும். 12 விநாடி அலைகளுக்கு ஏழு நாளுக்கும் மேல். எனவே புயலுக்குள் குழம்பிக் கிடந்த அலைகள் வழிநெடுக நீளம் வாரியாகப் பிரிந்து, நீண்டவை முதலிலும் குறுகியவை பின்னருமாக வரிசைகட்டி வந்து சேர்கின்றன. குடாவில் நாம் காணும் ஒழுங்கு கரையில் உண்டானதன்று. பெருங்கடலைக் கடந்து வந்த பயணத்தில் உண்டானது. ஐந்தாறு அலைகள், பிறகு அமைதி, பிறகு மீண்டும் ஐந்தாறு அலைகள் என்னும் முறைவைப்புக்கும் இதுவே காரணம்: அலைவு காலத்தில் சிறிதே வேறுபடும் அலைகள் ஒன்றாக ஓடும்போது சில இடங்களில் முகடும் முகடும் சேர்ந்து உயர்கின்றன, சில இடங்களில் முகடும் பள்ளமும் சேர்ந்து ஒன்றையொன்று அழிக்கின்றன.

வந்து சேரும் வரிசையைக் கொண்டே புயல் எழுந்த இடத்தின் தொலைவைக் கணக்கிடலாம் என்பதை அமெரிக்கக் கடலியலாளர் வால்டர் மங்க் செய்து காட்டினார். நீண்ட அலைகளுக்கும் குறுகிய அலைகளுக்கும் இடையிலான நேர வேறுபாடு கூடக்கூட, பிறப்பிடமும் தொலைவில் இருக்கிறது என்பது கணக்கு. மெக்சிகோவின் குவாடலூப் தீவருகே பதிவு செய்த அலைகளை இவ்வாறு கணக்கிட்டபோது, அவற்றுள் சில இந்தியப் பெருங்கடலில் பிறந்தவை என்ற முடிவுக்கு அவரும் அவருடைய குழுவினரும் வந்தார்கள். பின்னர் 1963இல் நியூசிலாந்து முதல் அலாஸ்கா வரை பசிபிக்கின் குறுக்கே அளவீட்டு நிலையங்களை நிறுத்தி, தென்கடல் புயல்களின் அலைகளை முழுப் பெருங்கடல் நெடுகவும் பின்தொடர்ந்தனர். புயலின் சுற்றுப்புறத்தை விட்டு விலகியபின் நெட்டலை இழக்கும் ஆற்றல் மிகக் குறைவு என்பது அந்த ஆய்வின் முக்கியமான கண்டுபிடிப்பு. விசிறிபோல் விரிவதால் உயரம் குறைகிறதே தவிர, அலை களைத்துப்போவதில்லை.

வெப்பக்கடல் தன் பங்குக்கு அலை எதையும் தருவதில்லையா என்று கேட்கலாம். வெதுவெதுப்பான நீர் வெப்பமண்டலப் புயல்களுக்கு எரிபொருள் என்பது உண்மைதான். ஆனால் தென்மேற்குப் பருவக்காற்று உச்சத்தில் இருக்கும்போது, தாழ்வானில் ஒரு திசையிலும் உயர்வானில் எதிர்த்திசையிலும் காற்று பலமாக வீசுவதால், புயலின் நிமிர்ந்த தூண் வளரவே வழியில்லாமல் சிதைந்துவிடுகிறது. ஆகவே ஜூலையில் அறுகம்குடாவுக்கு வரும் நல்ல அலை அநேகமாக முழுவதும் தெற்கிலிருந்து வரும் விருந்தாளிதான்.

இனி அந்த அலை கரைசேரும் கட்டம். அலைநீளத்தின் பாதி அளவுக்கு ஆழம் குறையும்போது அலை கடலடியை உணரத் தொடங்குகிறது. 15 விநாடி அலை ஏறத்தாழ 175 மீட்டர் ஆழத்திலேயே அதை உணர்ந்துவிடும். இலங்கையின் தென்கிழக்கில் ஆழம் குறைந்த கடலடி மேடை குறுகலானது என்பதால், அடித்தரையில் உராய்ந்து ஆற்றலை இழக்கும் முன்பே அலை கரையை நெருங்கிவிடுகிறது. ஆழம் குறையக் குறைய வேகம் குறைகிறது. மூன்று மீட்டர் ஆழத்தில் அதன் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டருக்கும் கீழே. அலைவு காலம் மாறாமல் வேகம் மட்டும் குறைவதால் முகடுகள் நெருங்குகின்றன. நீண்டு கிடந்த ஆற்றல் குறுகிய நீளத்துக்குள் அடைபட, அலை உயர்கிறது.

அறுகம்குடாவின் தனிச்சிறப்பு அதன் தென்முனைதான். தெற்கிலிருந்து வரும் அலையின் ஒரு முனை நிலமுனையை ஒட்டிய ஆழம் குறைந்த நீரில் வேகமிழக்கிறது; மறுமுனை வெளியே ஆழ்ந்த நீரில் பழைய வேகத்தோடு ஓடுகிறது. வரிசையாக நடப்பவர்களில் ஓரத்தில் இருப்பவர் மட்டும் சேற்றில் கால்வைத்தால் வரிசை முழுவதும் அவர் பக்கம் திரும்புவது போல, அலையின் கோடு வளைந்து முனையைச் சுற்றிக் குடாவுக்குள் நுழைகிறது. இந்த வளைவில் அலை உயரத்தை ஓரளவு இழக்கும். ஆனால் ஒழுங்கைச் சம்பாதித்துக்கொள்ளும். நீரின் ஆழம் அலையின் உயரத்தைவிடச் சற்றே கூடுதலாக, சுமார் ஒன்றேகால் மடங்காக இருக்கும் இடத்தில் அலை உடைகிறது. நேரான மணற்கரையில் அந்த இடம் முழுநீளத்துக்கும் ஒரே நேரத்தில் வாய்ப்பதால் அலை மொத்தமாக இடிந்து விழும். அறுகம்குடாவிலோ உடையும் புள்ளி முனையில் தொடங்கிக் குடாவின் உட்புறம் நோக்கி நகர்ந்துகொண்டே செல்கிறது. கரையை நோக்கிப் பலகையில் நிற்பவருக்கு அது எப்போதும் வலப்புறம் விரியும் அலை.

அருகிலிருந்து பார்த்தால் உடைவதற்கு முந்தைய கணம் வியப்புக்குரியது. அலையின் முன்னாலிருக்கும் நீர் அடியோடு உறிஞ்சப்பட்டதுபோல் பின்வாங்கி அலைமுகத்தின் மீது ஏறுகிறது. கீழே பாறைத்தரை மங்கலாகத் தெரிகிறது. மேல்விளிம்பு மெலிந்து, கண்ணாடித் தகடுபோல் ஒளியை ஊடுருவவிட்டு, ஒரு கணம் நிற்கிறது. அடிப்பகுதி தரையில் தடைபட்டு நிற்க, முகட்டு நீர் மட்டும் அலையின் வேகத்தையே விஞ்சிவிட்டது. அதனால்தான் அது முன்னோக்கிச் சாய்ந்து கவிகிறது.

ஆனால் இவ்வளவும் சேர்ந்தும் ஒரு நல்ல அலைப்பருவத்தை உண்டாக்கிவிடாது. அதே ஜூலையில் தெற்குக் கரையின் வெலிகமவும் மிடிகமவும் அதே நெட்டலையை இன்னும் நேராக, இன்னும் பெரிதாகப் பெறுகின்றன. ஆனாலும் அங்கே அப்போது நல்ல பருவமில்லை. தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து கரைநோக்கி அடித்து, அலைமுகத்தின் மீது சிற்றலைகளை ஏற்றி, முகட்டைப் பின்னாலிருந்து தள்ளி, உரிய நேரத்துக்கு முன்பே நுரையாக நொறுக்கிவிடுகிறது. என் கருத்தில் இலங்கைக் கரைகளின் அலைப்பருவம் என்பது உண்மையில் காற்றுப்பருவமே. அலை வருவதும் வராததுமல்ல, வந்த அலையைக் காற்று கெடுப்பதும் காப்பதுமே பருவத்தை முடிவு செய்கிறது.

கிழக்குக் கரைக்கு அந்தக் காவலைத் தருவது நடுவிலுள்ள மலைநாடு. 2,524 மீட்டர் உயரமுள்ள பிதுருதலாகலையை உச்சியாகக் கொண்ட அந்த மலைத்தொகுதியின் மேற்குச் சரிவில் ஈரக்காற்று ஏறும்போது குளிர்ந்து மழையைக் கொட்டிவிடுகிறது. அச்சரிவின் சில இடங்களில் ஆண்டு மழை 5,000 மில்லிமீட்டரையும் தாண்டும். ஈரம் நீராக மாறும்போது வெளிப்படும் வெப்பம் காற்றிலேயே தங்கிவிடுவதால், ஏறும்போது கிலோமீட்டருக்கு 5 பாகை அளவிலேயே அது குளிர்கிறது. ஈரமிழந்து கிழக்கே இறங்கும்போதோ கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 பாகை சூடேறுகிறது. மேற்கே 28 பாகையில் தொடங்கிய காற்று, முதல் 500 மீட்டர் மேகமாகாமல் அதே 10 பாகை வீதத்தில் குளிர்ந்து ஏறி, பின் 2,000 மீட்டர் வரை மழை பொழிந்து ஏறி, மறுபுறம் கடல்மட்டத்துக்கு இறங்கினால் 35 பாகையைத் தொடும் என்று தாளில் கணக்கிட்டே அறியலாம். கிழக்கு மாகாணத் தமிழர் இதைக் கச்சான் காற்று என்கிறார்கள். (இலங்கைத் தமிழில் நிலக்கடலைக்கும் கச்சான் என்றே பெயர்; இங்கே குறிப்பது காற்றை.) மலையிறங்கும் வெப்பக்காற்றுகளுக்கு எடுத்துக்காட்டாக வானிலையியல் கலைச்சொல் அகராதியிலும் அந்தத் தமிழ்ச்சொல் இடம்பெற்றிருப்பது மகிழ்ச்சி தரும் செய்தி. மட்டக்களப்பில் ஜூன், ஜூலை மாதங்களில் பகல்நேரக் கடற்காற்றையே தடுத்து நிறுத்தி, வெப்பத்தை 38 பாகைக்கு அருகில் கொண்டுபோகும் வலிமை அதற்கு உண்டு.

நிலத்திலிருந்து கடல்நோக்கி வீசும் இக்காற்று அலைமுகத்தை எதிர்கொண்டு தாங்குகிறது. கவிழவிருக்கும் முகட்டை அது சற்று நேரம் நிமிர்த்தி வைப்பதால், அலை இன்னும் ஆழம் குறைந்த இடம் வரை சென்று, இன்னும் செங்குத்தாக எழுந்து, பிறகே உடைகிறது. முகட்டிலிருந்து வெண்தூவல் பின்னோக்கி, கடலை நோக்கிப் பறப்பது இதன் அடையாளம். கச்சான் வலுவற்ற நாள்களில் வழக்கமான சுழற்சி நடக்கும்: இரவில் குளிர்ந்த நிலத்திலிருந்து மெல்லிய நிலக்காற்று விடியலில் கடலுக்கு இறங்கும், முற்பகலில் நிலம் சூடேறியதும் கடற்காற்று கரையேறி, கண்ணாடிபோல் இருந்த நீரை நண்பகலுக்குள் சொரசொரப்பாக்கிவிடும். அலைச்சறுக்குவோர் இருள் பிரியும்முன் எழுவதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே அலை முன்னறிவிப்பைப் படிக்கும்போது உயரத்தை மட்டும் பார்ப்பது போதாது. அறிவிப்பிலுள்ள உயரம், அலைகளில் பெரிய மூன்றிலொரு பங்கின் சராசரி மட்டுமே. தனி அலை ஒன்று அதைவிட மிகப் பெரிதாகவும் வரலாம். ஆற்றல் உயரத்தின் இருமடியையும் அலைவு காலத்தையும் சார்ந்தது. 1.5 மீட்டர் உயர அலை 7 விநாடியில் வந்தால் முகட்டின் ஒவ்வொரு மீட்டரும் சுமார் 8 கிலோவாட் வீதம் ஆற்றலைக் கொண்டுவருகிறது. அதே உயரம் 15 விநாடியில் வந்தால் சுமார் 16 கிலோவாட். அத்துடன் நீண்ட அலை கரையருகே கூடுதலாகவும் உயரும். ஓதம் இக்கரையில் பெரிய காரணியன்று. ஏற்றவற்ற வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு.

உள்ளூரில் காற்றும் மழையும் இல்லாமலே வந்துசேரும் இந்த அலையின் மறுபக்கத்தை அறியாமல் கடலில் இறங்கக் கூடாது. கேரளக் கரையிலும் தென்தமிழகக் கரையிலும் இதனால் ஏற்படும் திடீர்க் கடலேற்றத்துக்குக் கள்ளக்கடல் என்று பெயர். கள்வனைப் போல அறிவிக்காமல் வருவதால் மீனவர் இட்ட பெயர். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்துக் கணபதிபுரம் அருகே ஐந்து இளம் மருத்துவ மாணவர்களை அலை இழுத்துச் சென்றபோது, அத்தகைய கடற்சீற்றத்துக்கான எச்சரிக்கை அமலில் இருந்தது. அமைதியான கடலைப் பார்த்ததும் இறங்காமல், குறைந்தது இருபது நிமிடம் கரையில் நின்று அடுத்த அலைக்கூட்டம் வருகிறதா என்று கவனித்தபின் இறங்குவது எவருக்கும் கடினமன்று.

அக்டோபரில் கச்சான் ஓய்கிறது. நவம்பருக்குள் வடகீழ்ப் பருவக்காற்று வங்கக்கடலிலிருந்து நேரே கிழக்குக் கரை மீது வீசத் தொடங்க, 6, 7 விநாடிக்கு ஒன்றாக வரும் குழம்பிய காற்றலைகளும் மழையும் அறுகம்குடாவைப் பிடித்துக்கொள்கின்றன. அதே நாள்களில், தீவின் மறுபக்கத்தில், அதே காற்று நிலத்தைக் கடந்து வெலிகமவின் கடல்மீது இறங்குகிறது; அங்கே தெற்கிலிருந்து வந்துகொண்டே இருக்கும் நெட்டலையின் முகம் விடியலில் மழமழவென்று நிமிர்ந்து நிற்கத் தொடங்கியிருக்கும்.