ஊர் நிலத்தில் சோலார் மின்நிலையம் வருகிறதா? எதைக் கேட்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும்

அனல் மின்நிலையம் வருவதென்றால் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும். மக்கள் பேசுவதைப் பதிவு செய்வார்கள். சோலார் மின்நிலையத்துக்கு அப்படி ஒரு கூட்டம் கட்டாயமில்லை. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் சோலார் சேர்க்கப்படவில்லை. சோலார் பூங்காக்களுக்கும் சுற்றுச்சூழல் முன் அனுமதி தேவையில்லை என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2017-இல் மீண்டும் தெளிவுபடுத்தியது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2016-இல் இதை மாசு மிகக் குறைந்த ‘வெள்ளை’ வகைத் தொழிலில் சேர்த்துவிட்டதால், இயக்குவதற்கான இசைவாணையும் வேண்டாம், தகவல் கொடுத்தால் போதும்.

புகை இல்லை, சாம்பல் இல்லை என்பதால் கிடைத்த சலுகை இது. சூரிய மின்சாரம் நமக்கு வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இந்தச் சலுகை 10 ஏக்கருக்கும் ஒன்றுதான், 2,500 ஏக்கருக்கும் ஒன்றுதான். ஒரு மெகாவாட்டுக்குச் சுமார் 4 முதல் 5 ஏக்கர் நிலம் வேண்டும். ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-இல் இயங்கத் தொடங்கிய 648 மெகாவாட் நிலையம் ஏறக்குறைய 2,500 ஏக்கரில் பரந்து கிடக்கிறது. அவ்வளவு நிலம் வேலிக்குள் போகும்போது தண்ணீர், மேய்ச்சல், நடைபாதை, கூலி வேலை எல்லாமே மாறும். அதையெல்லாம் ஒரே கோப்பில் சேர்த்து எடைபோடும் அலுவலகம் எதுவும் இல்லை. பத்திரப்பதிவு ஓரிடத்தில், பட்டா மாறுதல் தாலுகாவில், மின் இணைப்பு மின்வாரியத்தில் என்று பரிசீலனை துண்டு துண்டாக நடக்கிறது. அந்தத் துண்டுகளைச் சேர்த்துப் பார்க்கும் வேலை ஊர்க்காரர்கள் தலையில்தான் விழுகிறது.

முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர் போகும் வழி. தென்மாவட்டங்களில் ஒரு கண்மாய் நிறைந்து அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர் போகும். அந்த வரத்துக் கால்வாய்கள் பல இடங்களில் புன்செய்க் காடுகளுக்கு நடுவேதான் ஓடுகின்றன. மழை இல்லாத மாதங்களில் வந்து பார்ப்பவருக்கு அது வெறும் பள்ளமாகத் தெரியும். இயந்திரம் வைத்துச் சமப்படுத்திவிட்டால் ஐப்பசி மழையில்தான் ஊருக்கு விஷயம் தெரியவரும். அதற்குள் வேலி போட்டு முடித்திருப்பார்கள். அதனால் கம்பெனி வாங்கும் சர்வே எண்களின் புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்), ஒவ்வொரு எண்ணும் என்ன வகை நிலம் என்று காட்டும், கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள ‘அ’ பதிவேட்டையும் எடுத்துப் பாருங்கள். ஓடை, வாய்க்கால், வண்டிப்பாதை, மேய்க்கால், மயானம் ஆகியவை புறம்போக்காகத் தனி எண்ணில் இருக்கும். சுற்றியுள்ள பட்டா நிலம் முழுவதையும் ஒருவரே வாங்கினாலும், நடுவில் ஓடும் ஓடைப் புறம்போக்கு அவருடையது ஆகாது. அதை அடைப்பது ஆக்கிரமிப்புதான். ஊர்ப் பொதுநிலங்களில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்ற மாநில அரசுகள் திட்டம் வகுக்க வேண்டும் என்று 2011-இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மனு எழுதும்போது அந்தத் தீர்ப்பைக் குறிப்பிடுங்கள்.

அடுத்து, நிலம் என்ன வகை என்று பாருங்கள். நஞ்சை நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற மாவட்ட ஆட்சியரின் ஒப்புதல் வேண்டும். பட்டியல் சமூகத்தவருக்கு என்று அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலமாக இருந்தால் பட்டியல் சமூகத்தவர் அல்லாதவர் வாங்கவே முடியாது. கோயில் நிலத்தை ஐந்தாண்டுக்கு மேல் குத்தகைக்கு விட அறநிலையத்துறை ஆணையரின் அனுமதி தேவை. நிலமற்றவர்களுக்காகத் தானமாகக் கொடுக்கப்பட்ட பூதான நிலத்துக்கும் தனிச் சட்டம் உண்டு. ஒருவர் இவ்வளவு நிலம்தான் வைத்திருக்கலாம் என்று வரம்பு வைக்கும் நில உச்சவரம்புச் சட்டம் கம்பெனிக்கும் பொருந்தும். உச்சவரம்புக்கு மேல் வைத்துக்கொள்ள 37-ஏ பிரிவின்படி அரசின் அனுமதி பெற வேண்டும். நூற்றுக்கணக்கான ஏக்கர் சேர்க்கும் இடத்தில் அந்த அனுமதி இருக்கிறதா என்று கேட்பதில் தப்பே இல்லை. பனை மரங்கள் நின்றால், வெட்டுவதற்கு ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்பது 2021 முதல் உள்ள விதி.

கேட்பதற்கு இரண்டு வழிகள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஒன்று, தகவல் அறியும் உரிமைச் சட்டம். 10 ரூபாய் கட்டணத்தோடு வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் தனித்தனியே மனு போடுங்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கட்டணம் இல்லை. பதில் தர 30 நாள் கெடு. “திட்டம் பற்றிச் சொல்லுங்கள்” என்று எழுதினால் ஒன்றும் வராது. சர்வே எண்ணைக் குறிப்பிட்டு, அதற்கு வழங்கிய அனுமதிகளின் நகலைக் கேளுங்கள். இன்னொன்று கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் 100 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். கிராம சபைத் தீர்மானத்தால் மட்டும் ஒரு தனியார் திட்டத்தை நிறுத்திவிட முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் ஓடையின் சர்வே எண்ணையும் கண்மாயின் பெயரையும் போட்டு எழுதிய தீர்மானம், நாளை நீதிமன்றம் போனால் ஊர் முன்பே எச்சரித்ததற்கான ஆவணமாக நிற்கும். “சோலார் வேண்டாம்” என்ற ஒற்றை வரிக்கு அந்தப் பலம் கிடையாது.

நிலம் கொடுக்க நினைப்பவர்களுக்கும் சில வார்த்தைகள். தரகர் கேட்டார் என்று, விற்கும் அதிகாரத்தை அவருக்குக் கொடுக்கும் பவர் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டபின் யாருக்கு, என்ன விலைக்கு விற்கிறார் என்பது உங்கள் கையில் இருக்காது. தரிசு நிலமும் அருகில் துணைமின்நிலையமும் இருந்தால், விவசாயிகளுக்கான மத்திய அரசின் சூரிய மின் திட்டமான பி.எம். குசும் திட்டத்தின் ‘ஏ’ பிரிவில் 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரை விவசாயிகளோ கூட்டுறவு அமைப்புகளோ தாங்களே நிலையம் அமைக்க வழி வைத்தார்கள். அந்தப் பிரிவில் இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று விசாரித்துவிட்டுக் குத்தகையைப் பற்றி யோசியுங்கள்.

குத்தகைக்கே கொடுப்பதானாலும் பத்திரத்தைப் பதிவு செய்யாமல் விடாதீர்கள்; ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்குப் பதிவு கட்டாயம். 25 ஆண்டுக் குத்தகை என்பது ஒரு தலைமுறை. ஆண்டுதோறும் தொகை எவ்வளவு உயரும், கம்பெனி கைமாறினால் பணத்துக்கு யார் பொறுப்பு, உங்கள் நிலத்தை வங்கியில் அடமானம் வைக்க அவர்களுக்கு உரிமை உண்டா என்று ஒவ்வொன்றையும் எழுத்தில் வாங்குங்கள். முடிவில் தகடு, இரும்புத் தூண், கான்கிரீட் அடித்தளம் எல்லாவற்றையும் யார் செலவில் அகற்றுவது என்பதும் அதில் இருக்க வேண்டும். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள் சோலார் தகடுகளையும் கழிவுப் பட்டியலில் சேர்த்திருக்கின்றன. ஆனால் கழிவான தகட்டைக் கையாளும் பொறுப்பு தகடு தயாரிப்பவரைச் சேர்ந்தது. தூணைப் பிடுங்கி நிலத்தை உழக்கூடிய நிலையில் திருப்பித் தரும் கடமையைக் குத்தகைப் பத்திரம்தான் உருவாக்க வேண்டும், அதற்கு ஒரு வைப்புத்தொகையோடு.