ஆவியில் வெந்த ஸ்லைடு செத்த ஸ்லைடு அல்ல

சில பாக்டீரியா கெட்டி உறைக்குள் உறங்கிக் கிடக்கும் வடிவம்தான் ஸ்போர். அதைச் சாயமேற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது ஸ்போர் ஸ்டெயினிங். அது முடிந்த ஸ்லைடை வெறுங்கையால் எடுக்கிறார்கள். ஓரத்தில் வழிந்த பச்சைச் சாயத்தை டிஷ்யூவால் துடைத்து, சாதாரணக் குப்பைக்கூடையில் போடுகிறார்கள். மேசையில் கொஞ்சம் ஸ்பிரிட் தெளித்துத் துடைத்தால் வேலை முடிந்தது. கேட்டால், "தீயில காட்டியாச்சு, அஞ்சு நிமிஷம் ஆவி பிடிச்சாச்சு, இதுக்கு மேல எது உயிரோட இருக்கும்?" என்று பதில் வருகிறது. புதிதாக வந்த மாணவர்கள் சொன்னால் உட்காரவைத்துச் சொல்லித் தரலாம். சென்ற வாரம் இதைச் சொன்னவர் பல வருடம் லேப்பில் இருப்பவர், மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர். இனியும் வாயால் சொல்லிக்கொண்டிருந்தால் போதாது என்றுதான் எழுதுகிறேன்.

செய்முறை தெரிந்ததுதான். ஷேஃபரும் ஃபுல்டனும் 1933-இல் வெளியிட்ட முறையைத்தான் இன்றைக்கும் பெரும்பாலும் செய்கிறோம். ஸ்மியரை, அதாவது ஸ்லைடில் மெல்லியதாகத் தடவிய மாதிரியை, காயவிட்டுத் தீயில் காட்டி, 5 சதவீத மாலகைட் கிரீன் என்ற பச்சைச் சாயம் ஊற்றி, 5 நிமிடம் ஆவியில் வைத்து, ஆறியபின் தண்ணீரில் கழுவி, சாஃப்ரனின் என்ற சிவப்புச் சாயம் போடுகிறோம். ஸ்போர் பச்சை, மற்ற செல்கள் சிவப்பு.

இதில் ஆவி எதற்கு என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். பாக்டீரியாவை வகை பிரிக்க வழக்கமாகச் செய்யும் கிராம் ஸ்டெயினிங்கில் சாயத்தைச் சூடாக்குவதில்லை. அந்த ஸ்லைடில் பேசிலஸ் என்ற ஸ்போர் உருவாக்கும் பாக்டீரியாவைப் பார்த்தால் ஊதா நிறக் குச்சிக்குள் ஒரு வெளுத்த முட்டை வடிவம் தெரியும். அதுதான் ஸ்போர், சாயம் உள்ளே போகவில்லை. அந்த உறை அவ்வளவு கெட்டி. சாயத்தை உள்ளே தள்ளத்தான் சூடு காட்டுகிறோம், கொல்வதற்கு அல்ல. சும்மா விட்டால் சாயத்தைக்கூட உள்ளே விடாத ஒன்று, கொஞ்சம் ஆவி பட்டதும் செத்துப்போகும் என்று எந்த நம்பிக்கையில் முடிவு செய்கிறோம்?

ஸ்போர் கொதிக்கவைத்தும் சாகாது என்பது இன்று நேற்றுத் தெரிந்ததல்ல. வைக்கோல் ஊறிய நீரைக் கொதிக்கவைத்தாலும் அதில் திரும்பத் திரும்ப பாக்டீரியா முளைப்பதற்கு இந்த ஸ்போர்தான் காரணம் என்று ஃபெர்டினான்ட் கோன் 1876-இல் காட்டினார். ஒரே தடவை கொதிக்கவைத்தால் போதாது, இடைவெளி விட்டுப் பல தடவை சூடாக்க வேண்டும் என்று ஜான் டிண்டால் அடுத்த வருடம் எழுதினார். ஸ்போரின் மையத்தில் தண்ணீர் வற்றிப்போய், கால்சியமும் டைபிகோலினிக் அமிலமும் நிறைந்திருக்கும். சூடு அதை எளிதில் அசைக்காது.

நம் லேப்பிலேயே ஆதாரம் இருக்கிறது. ஒரு மாதிரியிலிருந்து ஸ்போர் உருவாக்கும் பாக்டீரியாவை மட்டும் பிரித்தெடுக்க என்ன செய்கிறோம்? 80 டிகிரியில் 10 நிமிடம் வைக்கிறோம். மற்றதெல்லாம் சாகும், ஸ்போர் மிஞ்சும். மலத்திலிருந்து குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற ஸ்போர் உருவாக்கும் பாக்டீரியாவை வளர்க்க எத்தனாலில், அதாவது ஸ்பிரிட்டில், ஊறவைக்கிறோம். அதுவும் அதே கணக்குதான். ஸ்போரைக் காப்பாற்றி மற்றதைக் கொல்ல எதைப் பயன்படுத்துகிறோமோ, அதே ஸ்பிரிட்டைத் தெளித்துவிட்டு மேசை சுத்தமாகிவிட்டது என்கிறோம். கைக்குத் தடவும் சானிடைசருக்கும் இதே கதைதான். சோப்பு போட்டுத் தண்ணீரில் கழுவினால் ஸ்போர் சாகாது, ஆனால் கையை விட்டுப் போகும். அது போதும்.

பச்சையாகத் தெரிந்தால் செத்தது என்றும் சிலர் சொல்கிறார்கள். இந்தச் சாயம் ஸ்போர் இருக்கிறதா என்று மட்டும் காட்டும். உயிர் இருக்கிறதா இல்லையா என்பதை அது சொல்லாது. போதாததற்கு, கழுவும்போது தடிமனான ஸ்மியரிலிருந்து பிய்ந்து தட்டில் விழுவதை யார் பார்த்தது? அந்தத் தட்டுத் தண்ணீரும் தொற்றுக்கழிவுதான்.

"பச்சையே தெரியலையே, அப்புறம் எதுக்கு பயம்" என்பது இன்னொன்று. ஒரு நாள்கூட ஆகாத கல்ச்சரில் (லேப்பில் வளர்த்த பாக்டீரியாவில்) ஸ்போர் தேடினால் எப்படித் தெரியும்? பேசிலஸ் என்றால் இரண்டு மூன்று நாளாவது விடுங்கள். மேசை ஓரத்தில் மறந்துபோன பழைய பிளேட்டில்தான் ஸ்போர் மண்டிக் கிடக்கும், அதைத்தான் யாரும் மதிப்பதில்லை. குளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரின்ஜென்ஸ் போன்ற பாக்டீரியா வழக்கமான வளர்ப்பு மீடியாவில் ஸ்போரை லேசில் காட்டாது. தெரியவில்லை என்பதை வைத்து இல்லை என்று ரிப்போர்ட் எழுதாதீர்கள்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கையுறை போடுங்கள். மாலகைட் கிரீன் கண்ணில் பட்டாலும் ஆபத்து, கண்ணாடியும் போடுங்கள். "நல்லா சாகட்டும்" என்று சாயத்தைக் கொதிக்கவிடாதீர்கள். ஆவி மெல்ல எழுந்தால் போதும். கொதித்தால் தெறிக்கும், வற்றினால் சாயம் படிகமாகி ஸ்மியர் முழுக்க ஒட்டிக்கொள்ளும், பிறகு எது ஸ்போர் எது அழுக்கு என்று யாருக்கும் தெரியாது. வற்றுவதற்கு முன்பே சாயத்தை ஊற்றிக்கொண்டே இருங்கள். சூடு ஆறாமல் தண்ணீர் விடாதீர்கள், ஸ்லைடு உடையும்.

பார்த்து முடித்த ஸ்லைடுக்கு, அழுத்த நீராவியில் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவ்தான் வழி: 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தம், குறைந்தது 15 நிமிடம். பை நிறையத் திணித்திருந்தால் இன்னும் கூடுதல் நேரம். மேசைக்கு ஹைப்போகுளோரைட் (பிளீச்), அதுவும் அன்றன்றைக்குக் கலந்தது. துடைத்த உடனே ஈரத்தை ஒற்றி எடுக்காமல் 10 நிமிடமாவது விடுங்கள். ஹைப்போகுளோரைட்டில் ஊறியதை ஆட்டோகிளேவுக்குள் வைக்காதீர்கள், நச்சுவாயு கிளம்பும். ஸ்போர் வழியாகத் தொற்றி உயிரைப் பறிக்கக்கூடிய ஆந்த்ராக்ஸ் என்று சந்தேகம் வந்தால் அந்த மாதிரியைத் திறந்த மேசையில் தொடவே வேண்டாம். மூடிவைத்துவிட்டு மேலே தகவல் சொல்லுங்கள். தயவுசெய்து இதில் மட்டும் வீரம் காட்டாதீர்கள்.

ஆட்டோகிளேவ் ஒழுங்காக வேலை செய்கிறதா என்பதை பையில் ஒட்டும் டேப்பில் கோடு கறுத்ததை வைத்து முடிவு செய்ய முடியாது. சூடு பட்டது என்பதை மட்டும்தான் அந்தக் கோடு காட்டும். சூட்டை நன்றாகத் தாங்கும் ஜியோபேசிலஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ் என்ற பாக்டீரியாவின் ஸ்போர் உள்ள குப்பியைச் சுமையின் நடுவில் வைத்து ஓட்டி, பிறகு இன்குபேட்டரில் வையுங்கள். கூடவே ஆட்டோகிளேவில் வைக்காத குப்பி ஒன்றையும் வையுங்கள். ஆட்டோகிளேவில் வைக்காதது வளர்ந்து, வைத்தது வளராமல் இருந்தால்தான் அந்த ஓட்டம் கணக்கில் சேரும்.