அமெரிக்காவுக்குக் கடன் கொடுத்த ஆம்பூர்

ஆம்பூரில் ஷூ கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "சார், அமெரிக்காவுக்கு 38 லட்சம் கோடி டாலர் கடன் என்கிறார்கள். அந்த நாடுதான் 2025 ஆகஸ்டில் நம் சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டது. ஆர்டர் குறைந்து எங்களுக்கு ஓவர்டைமே நின்றுபோனது. இவ்வளவு கடனாளிக்கு யார்தான் சார் இன்னும் கடன் கொடுக்கிறார்கள்?"

ஒரு சின்னப் பங்கு நீங்களும் கொடுத்திருக்கிறீர்கள். எப்படி என்று பார்ப்போம்.

வரவைவிடச் செலவு கூடினால் துண்டு விழும், துண்டை அடைக்கக் கடன். 2024 நிதியாண்டில் அமெரிக்க அரசு செலவழித்தது சுமார் 6.75 லட்சம் கோடி டாலர். வரவு 4.92 லட்சம் கோடி. இப்படி வருடா வருடம் விழுந்த துண்டெல்லாம் சேர்ந்து 2025 அக்டோபரில் 38 லட்சம் கோடியைத் தாண்டியது. இதுவரை பள்ளிக்கூடக் கணக்குதான். அந்தக் கடனுக்கு என்ன வட்டி என்று யார் முடிவு செய்கிறார்கள்? ஜனாதிபதியும் இல்லை, மந்திரியும் இல்லை. ஏலம் முடிவு செய்கிறது.

குடியாத்தத்தில் என் அத்தை ஏலச்சீட்டு நடத்தினார். ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு, 20 பேர், ஆளுக்கு மாதம் 5,000. பத்தாம் தேதி சாயங்காலம் திண்ணையில் கூடுவார்கள். அத்தை நீள நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கியபடி "ம்ம், யாரு?" என்பார். "எட்டு தள்றேன்", "பத்து", "பன்னெண்டு" என்று ஏறும். ஆடி மாதத்தில் ஐந்தாயிரம் தள்ளி எடுக்கக்கூட ஆள் இருக்காது. சித்திரையில், கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு முன்னால் வீடு வெள்ளையடிக்க, துணி எடுக்க, விருந்தாளிகளுக்குச் சோறு போட எல்லோருக்கும் பணம் வேண்டும். அப்போது ஒருவர் இருபத்திரண்டாயிரம் தள்ளி, 78,000 ரூபாயை வாங்கிக்கொண்டு போனதை நானே பார்த்திருக்கிறேன். சீட்டு அதேதான், திண்ணையும் அதேதான். பணத்துக்கு எத்தனை பேர் பறக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத் தள்ளு மாறியது. வட்டி என்பதன் அசல் முகத்தை நான் பார்த்தது அங்கேதான், பிற்பாடு படித்த புத்தகங்களில் அல்ல.

அமெரிக்கக் கருவூலம் வாராவாரம் நடத்துவதும் இதுதான், என்ன, தலைகீழாக. சீட்டில் கடன் வாங்குபவர்கள் போட்டி போடுகிறார்கள். அங்கே கடன் கொடுப்பவர்கள் போட்டி போடுகிறார்கள். 'ஒரு வருடம் கழித்து 100 டாலர் தருகிறேன்' என்று எழுதிய பத்திரத்தைக் கருவூலம் ஏலத்தில் விடுகிறது. இதற்குத் தனியாக வட்டி கிடையாது, தள்ளுதான் வட்டி. பத்திரம் 96 டாலருக்குப் போனால், 96 போட்டவருக்கு 4 டாலர் லாபம், அதாவது சுமார் 4.2 சதவீதம். வாங்க ஆள் குறைந்து விலை 95-க்கு இறங்கினால் வட்டி 5.3-ஐத் தொடும். விலை ஒரு டாலர் இறங்கினாலே வட்டி ஒரு சதவீதத்துக்கு மேல் ஏறிவிடுகிறது பாருங்கள்! விலையும் வட்டியும் சீசா பலகையின் இரண்டு முனைகள். 'பத்திரச் சந்தை சரிந்தது' என்று செய்தி வந்தால், அரசுக்குக் கடன் வாங்கும் செலவு கூடிவிட்டது என்று படித்துக்கொள்ளுங்கள்.

சரி, ஆம்பூர் எங்கே வந்தது? உங்கள் ஷூ சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறுகிறது. அங்கே வாங்கியவர் டாலரில் பணம் கட்டுகிறார். அந்த டாலர் இங்கே வருவதில்லை. நம் வங்கி நியூயார்க் வங்கி ஒன்றில் வைத்திருக்கும் கணக்கில் எண்ணிக்கை கூடுகிறது, அவ்வளவுதான். உங்கள் முதலாளிக்கு இங்கே ரூபாய் கிடைக்கிறது, அதிலிருந்து உங்களுக்குச் சம்பளம். டாலரில் பெரும்பங்கு கச்சா எண்ணெய் உள்ளிட்ட இறக்குமதிக்கே போய்விடும். தோல், ஐடி, வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்புவது, முதலீடு என்று எல்லா வழியிலும் வந்து சேர்வதில் மிஞ்சுவதை ரிசர்வ் வங்கி ரூபாய் கொடுத்து வாங்கி வைத்துக்கொள்கிறது. சும்மா வைத்திருந்தால் வட்டி வராதே! அதனால் அதில் ஒரு பகுதிக்கு அமெரிக்கக் கடன் பத்திரம் வாங்குகிறது. 2024-ல் இந்தியாவிடம் 20,000 கோடி டாலருக்கு மேல் இப்படி இருந்தது. ஆக, நியூயார்க்கில் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு நகர்ந்த டாலர், அந்த நாட்டைவிட்டே போகாமல் வாஷிங்டன் கஜானாவுக்குப் போய்ச் சேர்கிறது. தோல் பதனிட்ட கழிவோடு பாலாற்றில் கலந்த குரோமியம் மட்டும் இங்கே தங்கிவிடுகிறது.

சீனா செய்ததும் இதுதான், ஆனால் பூதாகாரமாக. 2001-ல் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்த பிறகு டாலர் கொட்டியது. கொட்டிய டாலரைச் சந்தையில் விட்டால் யுவான் மதிப்பு ஏறி, சீனச் சரக்கு விலை கூடிவிடும். அதனால் அவர்கள் மத்திய வங்கி யுவானை வெளியிட்டு டாலரை வாங்கி, அதை அமெரிக்கப் பத்திரமாக மாற்றியது. ஏலத்தில் இவ்வளவு பெரிய ஆள் வந்து உட்கார்ந்தால் விலை ஏறும், வட்டி இறங்கும். மலிவு வட்டியில் அமெரிக்கர்கள் இன்னும் அதிகமாகச் சீனச் சரக்கு வாங்கினார்கள். மளிகைக்கடை அண்ணாச்சி கைமாற்றும் கொடுத்து, அதைத் தன் கடையிலேயே செலவழிக்க வைத்த மாதிரி.

அப்படியானால் சீனா எல்லாவற்றையும் ஒரே நாளில் விற்று அமெரிக்காவைக் கவிழ்க்கலாமே? யூடியூபில் சனிப்பெயர்ச்சியை வைத்து டாலருக்கு நாள் குறிக்கும் ஜோசியர்கள்கூட இதைச் சொல்கிறார்கள். 2013-ல் சீனாவிடம் சுமார் 1.3 லட்சம் கோடி டாலர் பத்திரம் இருந்தது. 2025-ல் அது 80,000 கோடிக்கும் கீழே. மொத்தக் கடனில் வெறும் 2 சதவீதம். பத்து வருடத்துக்கு மேலாகக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள், வானம் இடிந்து விழவில்லை. மொத்தமாகத் தள்ளிவிட்டால் விலை சரிந்து, விற்றுமுடிக்காத மிச்சத்தில் நஷ்டம் அவர்களுக்குத்தான். 2020 மார்ச்சில் பல நாடுகளும் நிதியங்களும் சேர்ந்து விற்றபோது, அமெரிக்க மத்திய வங்கியே சில வாரங்களில் சுமார் ஒரு லட்சம் கோடி டாலருக்கு வாங்கிப் போட்டது.

என்னைக் கேட்டால், சீனா கையிலுள்ள பத்திரத்தைவிட அதன் ஆய்வகங்கள்தான் பயப்படவேண்டிய விஷயம். ஆராய்ச்சிக்கு அவர்கள் செலவழிப்பது நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதத்துக்கு மேல், நாம் சுமார் 0.64. அடையாறில் 1948-லிருந்து மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. குரோமியம் குறைத்துப் பதனிடும் முறைகளை அங்கே கண்டுபிடித்தும் இருக்கிறார்கள். அதை வாணியம்பாடியின் சின்னச் சின்னப் பட்டறைவரை கொண்டுசேர்க்கப் பணம் ஒதுக்கச் சொன்னால் மட்டும் கஜானா காலி.

கடன் விஷயத்துக்கே திரும்புவோம், அதில் நம் ஊருக்கே ஒரு பழைய கதை உண்டு. ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா. கிழக்கிந்தியக் கம்பெனி போர்ச் செலவுக்கும் படைச் செலவுக்கும் அவரிடம் பணம் கேட்டது. கையில் இல்லை. யாரிடம் வாங்கினார்? அதே கம்பெனியின் அதிகாரிகளிடம், அவர்கள் சொந்தக் கணக்கில். ஈடாகச் சீமைகளின் நிலவரியை எழுதிக்கொடுத்தார். 1785-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் மணிக்கணக்கில் பேசும் அளவுக்கு நாறிய விவகாரம் அது. சுழற்சி கிட்டத்தட்ட அண்ணாச்சி கடைச் சுழற்சிதான். ஆனால் நவாபின் கடன் வராகனில். வராகன் அடிக்கத் தங்கம் வேண்டும், தங்கம் அவரிடம் இல்லை. அமெரிக்காவின் கடனோ டாலரில், டாலரை உண்டாக்குவதும் அவர்களேதான். கொடுக்க முடியாமல் போகாது. அளவுக்கு மீறி உண்டாக்கினால் விலைவாசி ஏறும், ஏலத்தில் அதிகத் தள்ளு கேட்பார்கள். கேட்கவும் தொடங்கிவிட்டார்கள். 2024-ல் அமெரிக்கா வட்டிக்கு மட்டும் கொடுத்த சுமார் 88,000 கோடி டாலர், அதன் ராணுவச் செலவைத் தாண்டிவிட்டது.

நவாபுக்கு வந்தது ஏலம் அல்ல, ஜப்தி. அவர் 1795-ல் இறந்தார். 1801-ல் கம்பெனி கர்நாடகச் சீமை முழுவதையும் தன் கையில் எடுத்துக்கொண்டு, வாரிசுக்குப் பென்ஷன் கொடுத்தது.